கூகுள் விளம்பரமா, தேடுசொல் கண்காணிப்புக் கருவியா? யாழ்ப்பாணத்துச் சிறு தொழிலுக்கு எதில் முதலில் காசு போடுவது

நல்லூரில் ஆறு அறைகளோடு விடுதி நடத்தும் அக்கா ஒருவர் போன மாதம் இரண்டு தாள்களை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கச் சாவிக் கொத்தை மேலே வைத்தார். ஒன்று, கூகுளில் விளம்பரம் போட்டுத் தருகிறோம் என்ற நிறுவனத்தின் விலைக்கூறல். மற்றது, "உங்கள் இணையத்தளம் எந்தச் சொல்லுக்கு எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று ஒவ்வொரு நாளும் காட்டுவோம்" என்று மாதச் சந்தா கேட்ட இன்னொரு நிறுவனத்தினது. இரண்டும் மாதம் 35,000 ரூபாவை ஒட்டி வந்தன. "தம்பி, என்னட்டை ஒண்டுக்குத்தான் காசு இருக்கு. எதைச் செய்யிறது?" என்று கேட்டார்.

சுன்னாகத்தில் தண்ணீர் மோட்டர் திருத்துபவர், சாவகச்சேரியில் ஒடியலும் மிளகாய்த்தூளும் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர், திருநெல்வேலியில் டியூட்டரி நடத்துபவர் எல்லோரும் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இந்த இரண்டும் ஒரே சாமானின் இரண்டு வகை அல்ல. விளம்பரம் என்பது பவுசரில் தண்ணீர் வாங்குவது. காசு கொடுத்த அன்றைக்கே தொட்டி நிறையும், காசு நின்றால் பவுசர் வராது. கூகுளின் சாதாரணத் தேடல் முடிவுகளில் உங்கள் தளம் தானாக மேலே வருவது சொந்தக் கிணறு. கண்காணிப்புக் கருவி பவுசரும் இல்லை, கிணறும் இல்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க முடிச்சுப் போட்டு இறக்கும் கயிறு. கயிறு இறக்கித் தண்ணீர் ஊறியதாக எங்கும் இல்லை. ஆனால் கிணறு வெட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கயிறு தேவைதான். அக்காவின் தளத்தில் இரண்டு பக்கங்கள் மட்டுமே இருந்தன. ஒரு வருடமாக யாரும் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வளவில் கிணறே இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து விடயங்களைப் பார்க்கிறேன். போன் எப்போது அடிக்கும்? காசை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? விலைக்கூறலில் எழுதாத செலவையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு? வாரத்தில் யார், எத்தனை மணித்தியாலம் அதன் முன்னால் உட்கார வேண்டும்? இவற்றுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

ஐந்தாவதுதான் எங்கள் ஊருக்கு முக்கியம்: எங்கள் ஆட்கள் தேடும் விதத்துக்கு அது ஒத்துவருமா? ஒரே பொருளை நாங்கள் மூன்று விதமாகத் தேடுகிறோம். தமிழ் எழுத்தில் தேடுவோம், தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவோம், முழு ஆங்கிலத்திலும் தேடுவோம். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல்லுக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. தேடுபவர் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், கொழும்பிலோ சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். கொழும்புக் கடைக்காரருக்கு எழுதிய ஆலோசனை எங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான்.

## கூகுள் தேடல் விளம்பரம்

2000-ல் அட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது, 2018 முதல் கூகுள் ஆட்ஸ். ஒவ்வொரு தேடலுக்கும் கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. அதிக விலை கேட்டவர்தான் மேலே வருவார் என்றில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருத்தமாக இருக்கிறதா, ஆட்கள் அதைத் தொடுவார்களா, தொட்டுப் போகும் பக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று கூகுள் பார்க்கிறது. இந்த மூன்றுக்கும் 1 முதல் 10 வரை ஒரு தரப் புள்ளி உண்டு. விளம்பரம் தெரிவதற்குக் காசில்லை, யாராவது கிளிக் செய்தால்தான் காசு. போனில் திறக்க அரை நிமிடம் எடுக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு விளம்பரம் போடுபவர், அதே இடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரைவிடக் கூடுதல் விலை கொடுக்க வேண்டி வரும்.

இதன் பெரிய பலம் வேகம். காலையில் போட்டு அனுமதி கிடைத்தால் மாலையிலேயே போன் வரலாம். இரண்டாவது பலத்தைப் பலர் கவனிப்பதில்லை. எந்தச் சொல்லைத் தேடியவர் வாடிக்கையாளர் ஆனார் என்பதை இது காசு கொடுத்தே கற்றுத் தரும். ஆட்கள் உண்மையில் அடித்த சொற்கள் தேடல் சொல் அறிக்கையில் வரும். மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களை 2020 முதல் கூகுள் மறைத்துவிடுகிறது. மிச்சமே போதுமான பாடம்.

சாவகச்சேரிக்காரரின் கதை இதற்குப் பொருந்தும். அவர் தளத்தில் எல்லா இடத்திலும் "கறித்தூள்" என்று எழுதியிருந்தார். பொதியில் அழகாக இருக்கும் என்று அந்தச் சொல்லைப் போட்டாராம். அறிக்கையைத் திறந்து பார்த்தால், வெளிநாட்டிலிருந்து தளத்துக்கு வந்தவர்கள் ஆங்கில எழுத்தில் "மிளகாய்த்தூள்" என்று அடித்திருந்தார்கள். வீட்டில் அம்மா சொல்லும் சொல் அதுதானே. அவர் வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். இப்போது அவரது பக்கங்களில் இரண்டு சொல்லும் இருக்கின்றன.

### விலைக்கூறலில் எழுதாத செலவு

நாளுக்கு 1,000 ரூபா என்று வரையறை வைத்தால், ஒரு நாளில் அதன் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது 30,400 ரூபா. இது தெரியாமல் ஒரு நாள் 1,900 போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு.

கணக்குக்காக ஒரு கிளிக் 40 ரூபா என்று வைப்போம். 30,400 ரூபாவுக்கு 760 கிளிக். நூற்றுக்கு இரண்டு பேர் போன் எடுத்தால் 15 அழைப்பு. மூன்றில் ஒருவர் அறை எடுத்தால் 5 பேர். ஒருவரால் செலவு போக 8,000 ரூபா மிஞ்சினால் 40,000. விளம்பரக் காசைக் கழித்தால் 9,600 ரூபா லாபம் போலத் தெரியும். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு மாதம் 15,000 கொடுத்தால் 5,400 ரூபா நட்டம். இந்த எண்கள் உங்களுடையவை அல்ல, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நிறுவனக் கட்டணத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

அடுத்தது, தானாகவே டிக் போட்டபடி வரும் பெட்டிகள். தேடல் விளம்பரம் ஒன்றை அமைக்கும்போது மற்றத் தளங்களிலும் காட்டு என்ற தெரிவு முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். தேடலில் மட்டும் வேண்டுமென்றால் நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும். சொற்களும் பரந்த பொருத்தத்தில்தான் தொடங்கும். "தண்ணீர் மோட்டர் திருத்தம்" என்று கொடுத்தால் "மோட்டர் விலை", "மோட்டர் வேலை வாய்ப்பு" என்று தேடுபவருக்கும் காட்டும். "வேலை", "இலவசம்", "பழைய" போன்றவற்றை விலக்குச் சொற்களாகப் போட்டுவைக்க வேண்டும்.

இடத் தெரிவு இன்னும் நுணுக்கமானது. யாழ்ப்பாணம் என்று தெரிவுசெய்தால், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்தில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் காட்டு என்பதே வழமையான அமைப்பு. விடுதி அக்காவுக்கு அது நல்லது, ரொறன்ரோவில் இருந்து ஊருக்கு வரத் திட்டமிடுபவர்தான் அவருக்குத் தேவையான ஆள். சுன்னாகம் மோட்டர்க்காரருக்கு அதே அமைப்பு வீண்செலவு. சூரிச்சில் இருப்பவருடைய மோட்டரை அவர் எப்படித் திருத்துவார்?

நேரமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும் விளம்பரம் ஓடட்டும் என்று வைத்தால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் அது இரவு 11.30 முதல் காலை 7.30 வரை. அந்த ஊரே நித்திரையில் இருக்கும்போது காசு கொடுத்து வரிசையில் நிற்கிறீர்கள்.

2018 முதல் தமிழிலும் விளம்பரம் போடலாம். ஆனால் தலைப்புக்கு 30 எழுத்துத்தான் இடம். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். நமக்கு "யாழ்ப்பாணம்" ஆறு எழுத்து, அங்கே 11. ஆங்கிலத்தில் எழுதிய தலைப்பை அப்படியே மொழிபெயர்த்தால் பெட்டிக்குள் அடங்காது. தமிழில் முதலிலிருந்தே எழுத வேண்டும், அதைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

கடைசியாக, கணக்கு யார் பெயரில் என்பது. எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒன்றரை வருடம் ஒரு நிறுவனத்திடம் விளம்பரம் செய்தார். விலகும்போதுதான் தெரிந்தது, விளம்பரக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. எந்தச் சொல் விற்றது, எது விற்கவில்லை என்று அவர் காசு கொடுத்து வாங்கிய அறிவு முழுக்க அங்கேயே நின்றுவிட்டது. கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறந்து, நிறுவனத்துக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். திறக்கும்போது தெரிவுசெய்யும் நாணயத்தைப் பிறகு மாற்ற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

### விளம்பரம் எப்போது நல்லது

ஆள் உடனே தேவை, ஒரு விற்பனையில் போதிய லாபம் மிஞ்சும், போனை எடுத்துப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்: இந்த மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் போடலாம். மோட்டர் பழுதான வீட்டில் தொட்டி காயும். தேடுபவர் முதலில் கண்ட இலக்கத்துக்கே எடுப்பார். இரண்டு வாரம் யோசித்து முடிவெடுக்கும் விடயம் இல்லை அது.

போடத் தேவையில்லாத நேரமும் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை வைத்திருப்பவருக்கு அந்த நாட்களில் விளம்பரம் எதற்கு? அறைகள் எப்படியும் நிறையும். அந்தக் காசை மழைக்காலத்தில் அறை வெறுமையாகக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்திருக்கலாம். அல்லது வெளிநாட்டில் பள்ளி விடுமுறைக்குப் பயணச்சீட்டுப் பார்க்கத் தொடங்கும் மாதங்களில் செலவழிக்கலாம்.

இன்னொன்று. உங்கள் கடைப் பெயரையே தேடுபவருக்கு விளம்பரம் காட்டிவிட்டு, "மிக மலிவான கிளிக், நிறைய அழைப்பு" என்று அறிக்கை வந்தால் கவனியுங்கள். பெயர் தெரிந்து தேடுபவர் பெரும்பாலும் காசில்லாமலே உங்களிடம் வந்திருப்பார். போட்டிக்காரர் உங்கள் பெயரில் விளம்பரம் போடுகிறார் என்றால் மட்டும் அது வேறு கதை.

## கட்டணக் கண்காணிப்புக் கருவி

செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற பெரிய கருவிகள் உண்டு, இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் சிறிய கருவிகளும் உண்டு. நீங்கள் கொடுக்கும் சொற்களை, நீங்கள் சொல்லும் நாட்டிலிருந்தோ நகரத்திலிருந்தோ தேடுவதுபோலத் தேடிப் பார்த்து, உங்கள் தளம் எத்தனையாவது, போட்டிக்காரர் எத்தனையாவது என்று நாள்தோறும் பதிந்துவைக்கும். போட்டிக்காரரைக் காட்டுவதுதான் இவற்றின் உண்மையான பெறுமதி. இலவசக் கருவி எதுவும் அதை இவ்வளவு வசதியாகத் தராது. பெரியவை இன்னும் பல செய்யும். உங்களுக்கு யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், தளத்தில் எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது, எந்தத் தலைப்பில் எழுதினால் ஆட்கள் வருவார்கள் என்றெல்லாம் பார்க்கலாம்.

விலைதான் இடிக்கிறது. பெரிய கருவிகளின் முழு வசதியுள்ள ஆரம்பத் திட்டங்களே மாதம் 100 டாலரைத் தாண்டும். டாலர் 300 ரூபா என்று வைத்தாலும் 30,000-க்கு மேல், அதற்கு மேலே வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம். சந்தா டாலரில் இருப்பதன் ஆபத்தை நாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டாலர் மே மாதத்துக்குள் 360-ஐ எட்டியது. கருவி அதேதான், அது காட்டிய எண்ணும் அதேதான், ரூபாவில் விலை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பானது. தானாகப் புதுப்பிக்கும் சந்தா வேறு. முயற்சித்துப் பார்க்கலாம் என்று அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோய் மூன்று மாதம் காசு கட்டியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

அப்புறம், காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. இந்தக் கருவிகள் கூகுளின் வீட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவை, உள்ளே கூகுள் ஏதாவது மாற்றினால் இவை தடுமாறும். 2025 செப்டெம்பரில் அப்படித்தான் நடந்தது. அதுவரை ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வழி இருந்தது. கூகுள் அதை எடுத்துவிட்டது. ஒருமுறை கேட்டு எடுத்ததைக் கருவிகள் பத்து முறை கேட்டு எடுக்க வேண்டி வந்தது. சில கருவிகள் ஆழமாகப் பார்ப்பதைக் குறைத்தன. அதே நாட்களில் பலருடைய தளங்கள் தேடலில் "காட்டப்பட்ட" எண்ணிக்கை திடீரென்று விழுந்தது. ஆட்கள் குறையவில்லை. கருவிகள் வந்து பார்த்ததும் அதுவரை அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருந்தது.

எங்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல். மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று இவை காட்டும் எண், இலங்கையில் தமிழ்ச் சொற்களுக்கு மிகப் பலவீனமானது. உண்மையில் ஆட்கள் தேடும் சொல்லுக்கே 0 என்று காட்டும். அதை நம்பி அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம். மற்றது வரைபட முடிவுகள். கூகுள் அங்கே தூரத்தையும் பார்க்கிறது. சுன்னாகம் சந்தியில் நின்று தேடினால் முதலாவதாக வரும் கடை, பருத்தித்துறையில் நின்று தேடினால் பட்டியலிலேயே இருக்காது. "நீங்கள் மூன்றாவது இடம்" என்று ஒரு எண்ணைக் காட்டினால், எங்கே நின்று பார்த்த மூன்றாவது என்று கேட்க வேண்டும்.

எந்தச் சொற்களைக் கண்காணிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அக்காவின் மேசையில் இருந்த மாதிரி அறிக்கையில் பத்துச் சொற்களுக்கும் முதலிடம் என்று பச்சை நிறத்தில் இருந்தது. படித்துப் பார்த்தேன். யாரும் தேடாத நீண்ட வாக்கியங்கள் அவை, பாதியில் விடுதியின் பெயரே இருந்தது. முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அப்படி யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருப்பதைக் காட்டுங்கள்.

### கருவி எப்போது நல்லது

தளத்தில் ஒவ்வொரு மாதமும் யாரோ எழுதுகிறார், திருத்துகிறார், புதுப் பக்கம் போடுகிறார் என்றால் கருவி பெறுமதியானது. ஐம்பது, நூறு பக்கம் உள்ள தளம், நாலைந்து நாட்டில் வாடிக்கையாளர், ஒவ்வொரு நாட்டிலும் வேறு போட்டிக்காரர் என்றால் கையால் பார்த்து முடியாது. மிளகாய்த்தூள் அனுப்புபவருக்கு இன்னும் ஒரு வருடத்தில் அது தேவைப்படும் என்று நினைக்கிறேன். லண்டனில் யார் மேலே நிற்கிறார், கனடாவில் யார் நிற்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பல கடைகளுக்குச் சேவை செய்யும் நிறுவனத்துக்கு இது அன்றாட ஆயுதம். ஒரு சந்தாவைப் பத்து வாடிக்கையாளருக்குப் பிரிக்கலாம். ஒரு கடைக்காரர் தனியே முழு விலையும் கொடுப்பதுதான் கையைக் கடிக்கும்.

## மேசையில் யாரும் வைக்காத மூன்றாவது தாள்

சேர்ச் கொன்சோல், கூகுள் பிஸ்னஸ் ப்ரொஃபைல், கீவேர்ட் பிளானர். மூன்றும் கூகுளுடையவை, மூன்றுக்கும் காசில்லை. விற்றுத் தரகு எடுக்க முடியாததால் இவற்றுக்கு யாரும் விலைக்கூறல் தருவதில்லை.

சேர்ச் கொன்சோலில் உங்கள் தளம் எந்தெந்தச் சொற்களுக்குத் தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரி இடம் என்ன என்று 16 மாதத் தரவு இருக்கும். இது ஊகமில்லை, கூகுளின் சொந்தப் பதிவு. தமிழில் தேடினாலும் ஆங்கில எழுத்தில் தேடினாலும், அடித்தபடியே வரும். நாடு வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். போட்டிக்காரரைக் காட்டாது, மிக அரிதான சொற்களை மறைக்கும், சராசரி இடம் சில நேரம் குழப்பும். சென்னையில் 4, லண்டனில் 30 என்றிருந்தால் இரண்டையும் கலந்து ஒரு எண்ணாகக் கொடுக்கும். நாட்டைத் தெரிவுசெய்துவிட்டுப் பார்த்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

பிஸ்னஸ் ப்ரொஃபைல் என்பது வரைபடத்தில் வரும் உங்கள் கடையின் பதிவு. யாழ்ப்பாணத்துக்குள் சேவை செய்பவருக்கு இணையத்தளத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். போன் இலக்கம், திறக்கும் நேரம், புதுப் படங்கள், வாடிக்கையாளர் எழுதும் கருத்துக்கு ஒழுங்கான பதில், இவ்வளவும் சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு சொல் மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கீவேர்ட் பிளானர் விளம்பரக் கணக்கோடு வரும். விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குக்கு "100 முதல் 1,000 வரை" என்று பரந்த வீச்சாகவே காட்டும். எந்தச் சொல் பெரிது, எது சிறிது என்று அறிய அது போதும்.

இங்கே செலவு உங்கள் நேரம். ஒரு கொப்பியில் பதினைந்து சொற்களை எழுதுங்கள். திங்கட்கிழமை காலை கடை திறந்து ஆட்கள் வருவதற்கு முன் இருபது நிமிடம், சேர்ச் கொன்சோலைப் பார்த்து அந்த வாரத்து எண்ணை எதிரே குறித்துவையுங்கள். மூன்று மாதத்தில் எந்தச் சொல் ஏறுகிறது என்று கருவி இல்லாமலே தெரிந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தேடல் விளம்பரம் | கட்டணக் கருவி | இலவசக் கருவிகள் |
|---|---|---|---|
| போன் எப்போது அடிக்கும் | அன்றே அல்லது சில நாட்களில் | தானாக ஒருபோதும் இல்லை | வரைபடப் பதிவைத் திருத்தினால் சில வாரங்களில் |
| காசு நின்றால் மிஞ்சுவது | எந்தச் சொல் விற்றது என்ற அறிவு, கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் | தரவிறக்கி வைத்த அறிக்கைகள் | எல்லாமே |
| மறைந்த செலவு | நிறுவனக் கட்டணம், பரந்த பொருத்தம், தவறான இடமும் நேரமும் | டாலர் ஏற்றம், தானாகப் புதுப்பித்தல், படிக்க ஆள் | உங்கள் நேரம் |
| வாரத்துக்கு நேரம் | முதல் மாதம் 3 மணி, பிறகு 1 மணி | படிக்க 1 மணி, சொன்னதைச் செய்ய அதற்கு மேல் | 20 முதல் 30 நிமிடம் |
| தமிழ்த் தேடலுக்கு | அடித்த சொல்லையே காட்டும் | தேடல் எண்ணிக்கை பலவீனம் | மிக நல்லது |
| போட்டிக்காரரைக் காட்டுமா | ஓரளவு | ஆம், தெளிவாக | இல்லை |

நேரக் கணக்கு என் அனுபவத்தில் ஒரு சிறு கடைக்கு ஆவது. பெரிய தளத்துக்குக் கூடும்.

## யாருக்கு எது

மோட்டர்க்காரருக்கு நான் சொன்னது வரைபடப் பதிவும் சிறிய விளம்பரமும். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், பரந்த பொருத்தம் இல்லாமல் சரியான பொருத்தத்தில் ஏழெட்டுச் சொல், நாளுக்கு 500 ரூபா. அவருக்கு இணையத்தளமே பெரிதாகத் தேவையில்லை, கருவியைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்.

டியூட்டரிக்காரருக்கு ஆள் தேவைப்படுவது வருடத்தில் சில வாரங்கள்தான். புது வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வாரம் விளம்பரம் போடட்டும், மிச்ச மாதங்களில் ஒரு சதமும் வேண்டாம். பெற்றோர் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். கூகுளில் அவர்கள் பார்ப்பது இலக்கத்தையும் வழியையும்.

மிளகாய்த்தூள் அனுப்புபவரின் நிலை வேறு. ஒரு பொதியில் மிஞ்சும் லாபம் சிறிது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளிக் விலை எங்கள் ஊரைவிட மிக அதிகம், முதல் பொதியில் அவர் விளம்பரக் காசை எடுக்கவே மாட்டார். திரும்பத் திரும்ப வாங்குபவர் இருந்தால்தான் கணக்கு சரிவரும். அதனால் இரண்டு மாதம் மட்டும் விளம்பரம் போட்டு எந்தச் சொல் விற்கிறது என்று படித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னேன். அந்தச் சொற்களுக்கே பக்கங்கள் எழுதுகிறார் இப்போது: ஒடியற்கூழ் காய்ச்சுவது எப்படி, பனங்கட்டியை எப்படிப் பழுதாகாமல் வைப்பது, தூளை எவ்வளவு வறுக்க வேண்டும். நாற்பது பக்கம் வந்தபின் ஒரு சிறிய கண்காணிப்புக் கருவியை எடுக்கலாம். அவருக்குக் கிணறு வெட்டத் தெரியும், வெட்டிக்கொண்டும் இருக்கிறார்.

நல்லூர் அக்காவுக்கு வருவோம். இரண்டு தாளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவரது போனிலேயே விடுதியின் பெயரைத் தேடினேன். வரைபடப் பதிவு வந்தது. படம் இருந்தது, பழைய சுண்ணாம்பு நிறத்தில். கருத்துகள் இருந்தன, ஒன்றுக்கும் பதில் இல்லை. "அழை" என்பதைத் தொட்டேன். மேசையில் இருந்த அவரது போன் அடிக்கவில்லை. எங்கோ ஒருவர் எடுத்து, "பிழையான இலக்கம்" என்றார். நாலு வருடத்துக்கு முந்திய இலக்கம் அது.

"அப்ப இவ்வளவு நாளும் வந்த அழைப்பெல்லாம்?" என்று கேட்டார் அக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இலக்கத்தை மாற்றினோம். முகப்பைப் புதிதாகப் படம் எடுத்துப் போட்டோம். ஒவ்வொரு கருத்துக்கும் அன்றிரவே இருந்து பதில் எழுதினார். சேர்ச் கொன்சோலையும் அவர் மின்னஞ்சலில் திறந்துவிட்டேன். ஐப்பசியில் அறைகள் காலியானால் கொழும்புக்கும் சென்னைக்கும் மட்டும் ஒரு மாதம் விளம்பரம் போட்டுப் பார்ப்பதாகப் பேச்சு. தாள்கள் இரண்டையும் மடித்து லாச்சிக்குள் வைத்திருக்கிறார்.